கடன் வாங்கி எம்.எஸ்.ஸா, உதவித்தொகையோடு பிஎச்.டி.யா? வேதியியல் மாணவிக்கு ஒரு பதில்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் தவிர்த்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாமாண்டு படிக்கிறார். இதுவரை 84 சதவீதம். பிளஸ் டூவில் உயிரியலோடு கணிதமும் படித்தவர். அப்பா அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர், அம்மா வீட்டிலேயே தையல், தம்பி பிளஸ் ஒன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மதுரையில் உள்ள வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சி ஒன்று, அமெரிக்காவில் எம்.எஸ். வேதியியலுக்கு எல்லாம் சேர்த்து 42 லட்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தால் வங்கிக் கடன் கிடைக்கும், படிப்பு முடிந்ததும் அங்கேயே மூன்று வருஷம் வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. முன்பணமாக 25,000 ரூபாய் கேட்கிறார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பிஎச்.டி. பக்கம் போகச் சொல்கிறார். தாய்மாமாவோ, "பேசாம பி.எட். முடி, டீச்சர் வேலைதான் பாதுகாப்பு" என்கிறார்.

"ரெண்டு வருஷ எம்.எஸ்.ஸுக்கே 42 லட்சம்னா அஞ்சு வருஷ பிஎச்.டி.க்கு ஒரு கோடி ஆகுமே மேடம். அதுக்கு முன்னாடி எம்.ஃபில். வேற முடிக்கணும். அப்புறம் எனக்கு முப்பது வயசு தாண்டிடும். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெளியில வச்சுட்டார். நான் அவர்கிட்ட என்ன சொல்றது?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள மாணவிக்கு,

முதல் வேலையாக, அந்தப் பத்திரத்தைத் திரும்பவும் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்டிருக்கும் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை, உங்களிடம் பேசியவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வேதியியலில் முழுநேரப் பிஎச்.டி. என்பது, அமெரிக்காவிலும் சரி, இங்கே நல்ல நிறுவனங்களிலும் சரி, பெரும்பாலும் மாணவர் காசு கட்டிப் படிக்கிற படிப்பே இல்லை. படிக்கிறவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். குடும்பத்தின் ஒரே வீட்டை அடமானம் கேட்பது, நடுவில் நிற்கும் அந்த எம்.எஸ். மட்டும்தான்.

அமெரிக்கத் துறைகளில் நடப்பது என்ன?

ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்குப் போக நினைப்பவர், பொறியியல் படிப்பவர், உயிரியல் படிப்பவர் என்று பலரும் முதல் வருஷத்தில் பொது வேதியியல் ஆய்வக வகுப்பைக் கடந்துதான் போக வேண்டும். நூற்றுக்கணக்கில் வரும் அந்த மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துவது யார்? பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள்தான். அன்றைய சோதனையைப் பத்து நிமிஷம் விளக்குவது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்பவரைப் போடச் சொல்வது, பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி நிற்பதைக் காட்டிக்கொடுப்பது, ரெக்கார்டு திருத்துவது என்று வாரத்துக்குச் சுமார் 20 மணி நேர வேலை. இதற்கு டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் என்று பெயர். இதற்குப் பதிலாகத் துறை உங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கும் தொகை கொடுக்கும். பிறகு உங்கள் கைடு தன் ஆராய்ச்சி மானியத்திலிருந்து கொடுக்கத் தொடங்குவார். அது ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப். பணக்காரர் ஆக முடியாது, ஆனால் சிக்கனமாக இருந்தால் கடன் இல்லாமல் வாழலாம்.

எம்.எஸ். கதை வேறு. எம்.ஐ.டி., கால்டெக், பெர்க்லி போன்ற பெயர்பெற்ற வேதியியல் துறைகள் முதுகலைப் பட்டத்துக்கு என்று தனியாக ஆள் எடுப்பதே இல்லை. பிஎச்.டி.யில் சேர்ந்து நடுவில் விலகுபவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். தனியாக எம்.எஸ். நடத்தும் துறைகளில் சுமார் 30 கிரெடிட் பாடம், ஆய்வேட்டோடு அல்லது ஆய்வேடு இல்லாமல். பெரும்பாலும் சொந்தச் செலவு. பிஎச்.டி. இல்லாமல் எம்.எஸ். மட்டுமே நடத்தும் சிறிய துறைகள் சிலவற்றில் ஆய்வக வகுப்பு எடுக்க வேறு ஆள் இல்லாததால் எம்.எஸ். மாணவருக்கும் உதவித்தொகை தருவார்கள். அதனால் எம்.எஸ். என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 42 லட்சம் கொடுத்துப் படிக்கும் எம்.எஸ். வேண்டாம் என்கிறேன்.

அடுத்து, அந்த "மூன்று வருஷ வேலை". வேதியியல் பட்டதாரிக்கு ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதமும், அறிவியல் படிப்பு என்பதால் கூடுதலாக 24 மாதமும் வேலை பார்க்க அனுமதி உண்டு. அது அனுமதி மட்டுமே, வேலையை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தால் அனுமதியே பறிபோகும். அதற்குப் பிறகு தங்குவதற்கான எச்-1பி விசாவுக்குக் குலுக்கல். இவ்வளவு நிச்சயமின்மையின் மேல் உங்கள் அப்பா அடமானக் கையெழுத்துப் போட வேண்டுமா என்று யோசியுங்கள்.

சரி, நேராக அங்கேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா? இந்த வருஷம் வேண்டாம். உங்களுடையது மூன்றாண்டுப் பட்டம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளங்கலைக்கு இணையான படிப்பைக் கேட்கின்றன. இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போனால் அந்தத் தடை இல்லை. வயதோ மதிப்பெண்ணோ உங்களுக்குத் தடையாக இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த முடிவுக்கு வந்தால் என்னென்ன தேவைப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோஃபெல் போன்ற ஆங்கிலத் தேர்வு அவசியம். ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டும் என்பதால் பேச்சுப் பகுதி மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள். மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல வேதியியல் துறைகள் கைவிட்டுவிட்டன. வேதியியலுக்கென்று இருந்த ஜி.ஆர்.இ. பாடத்தேர்வையே 2023-இல் நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும்விட எடை அதிகம் உள்ளவை மூன்று பரிந்துரைக் கடிதங்கள். "ஒழுக்கமான மாணவி, வருகைப்பதிவு நன்று" என்று எழுதும் கடிதத்தால் பயன் இல்லை. உங்களோடு ஆய்வகத்தில் நின்ற ஒருவர், சோதனை சொதப்பியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதும் கடிதம் வேண்டும். அப்படிப்பட்டவரை எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் சம்பாதித்துக்கொள்ள முடியும்.

சேர்ந்த பிறகும் எல்லாம் சுகமில்லை. அங்கே போய்ச் சேர்ந்த வாரமே பல துறைகளில் கரிம, கனிம, இயற்பியல், பகுப்பாய்வு வேதியியலில் நிலையறியும் தேர்வு வைப்பார்கள். முதலாண்டுப் பாடங்களில் சராசரி 'பி' தரம் குறையக் கூடாது. முதல் வருஷத்துக்குள் ஒரு ஆய்வுக் குழுவில் இடம் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டை ஒட்டி, ஆய்வைத் தொடரத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் கேண்டிடசி தேர்வு. பேராசிரியர் குழு முன் நின்று உங்கள் ஆய்வை விளக்க வேண்டும். வினைவழிமுறையைப் பலகையில் போடச் சொல்வார்கள், போட்ட ஒவ்வொரு அம்புக்குறிக்கும் காரணம் கேட்பார்கள். சில துறைகளில் சொந்தமாக ஒரு புதிய ஆய்வுத் திட்டமும் எழுதிக் காட்ட வேண்டும். மொத்தம் ஐந்து, ஆறு வருஷம் ஓடிவிடும். 2025-இல் அமெரிக்க அரசு தன் ஆராய்ச்சி மானியங்களில் கை வைத்ததால் சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைச் சுருக்கியிருக்கின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பது

எந்தப் பட்டம் என்று மண்டையைக் குடைவதைவிட, எம்.எஸ்சி.யை எங்கே படிக்கிறீர்கள் என்பதில் கவனத்தை வையுங்கள். பல கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து, பைண்டு செய்து கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையைப் புத்தகப் படத்தில் பார்த்ததோடு வெளியே வரும் மாணவர்கள் ஏராளம். அவர்களிடம் அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, கருவி கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். கருவிகள் உள்ள, ஆய்வு உண்மையாகவே நடக்கிற துறையில் அந்த இரண்டு வருஷத்தைக் கழித்தால் அதற்குப் பிறகு எல்லாக் கதவும் எளிதாகத் திறக்கும்.

அதற்கு முதல் வழி, ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜாம். இறுதியாண்டு மாணவர்கள் எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முப்பது கேள்விகள் ஒரே ஒரு சரியான விடை கொண்டவை, தவறினால் மதிப்பெண் குறையும். பத்துக் கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். மீதி இருபதில் விடைப் பட்டியலே இருக்காது, கணக்குப் போட்டு எண்ணைத் தட்ட வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிப் பழகிய கைக்கு இது புதிதாக இருக்கும். அதனால் பழைய வினாத்தாள்களை இன்றே எடுத்துப் போடத் தொடங்குங்கள். இயற்பியல் வேதியியல் கணக்குகளைத் தள்ளிப்போடாதீர்கள், நம் மாணவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான். பிளஸ் டூவில் நீங்கள் கணிதம் படித்தது நல்லதாயிற்று. பல ஐ.ஐ.டி.க்கள் வேதியியல் சேர்க்கைக்கு அதைக் கேட்கின்றன.

ஜாம் வழியாக ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. மட்டும் இல்லை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யும் உண்டு. உங்களைப் போல மூன்றாண்டுப் பட்டம் வாங்கியவர் நேராகச் சேரக்கூடிய படிப்பு அது, உதவித்தொகையும் உண்டு. இடையில் விலக நேர்ந்தால் முதுகலைப் பட்டம் கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்பதை மட்டும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜாம் கைகொடுக்காவிட்டால் சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு இருக்கிறது. ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அதுதான் வாசல். இரண்டுக்கும் படிப்பது ஏறக்குறைய ஒரே பாடம்தான். சென்னை, பாரதிதாசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளுக்கும் தவறாமல் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். 'பயன்பாட்டு வேதியியல்', 'தொழிலக வேதியியல்' போன்ற பெயர்களில் வரும் எம்.எஸ்சி.க்கு, தமிழக அரசு வேலைக்குப் போகும்போது, அது எம்.எஸ்சி. வேதியியலுக்கு இணையானதா என்ற அரசாணையைக் கேட்பார்கள். வேலைக்குத் தேர்வாகியும் இந்தத் தாளுக்காக அலைந்தவர்களை நான் அறிவேன். சேர்வதற்கு முன்பே அந்தக் கல்லூரியில் அரசாணை எண்ணைக் கேட்டுவிடுங்கள்.

எம்.ஃபில்., வயசு, கல்யாணம்

எம்.ஃபில். வேண்டவே வேண்டாம். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகள் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டன. இரண்டாண்டு எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்குத் தகுதி. ஓ.பி.சி. பிரிவில் கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவருக்கு 5 சதவீதத் தளர்வும் உண்டு. இன்னமும் எம்.ஃபில். சேரச் சொல்லி விளம்பரம் செய்யும் நிறுவனம் எதையாவது பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வுகள் இரண்டையும் எழுதலாம். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும், அதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால் கைடைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. உதவித்தொகை எதுவும் இல்லாமல், நீங்களே கட்டணம் கட்டி, முழுநேரப் பிஎச்.டி.யில் மட்டும் சேராதீர்கள். ரசாயனம் வாங்கும் செலவும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

வயதுக் கணக்கைப் போடுவோம். இப்போது 20 என்றால் எம்.எஸ்சி. முடிக்கும்போது 23-க்குள். பிஎச்.டி.க்கு விதிப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. சோதனை வேதியியலில் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் 28. அதில் பெரும்பகுதி உங்களுக்கு மாத வருமானம் இருக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் ஆய்வாளர்களுக்கு மேற்கொண்டு இரண்டு வருஷக் கூடுதல் அவகாசம் உண்டு, 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வைப் புதிய ஊரில் உள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அதே விதிமுறை இடம் கொடுக்கிறது. இதை அம்மாவிடம் வரிவரியாகச் சொல்லுங்கள்.

பிஎச்.டி.யில் பட்டத்தின் பெயரைவிட கைடு முக்கியம். சேரும் முன் அந்த ஆய்வகத்துக்குப் போங்கள். கைடிடம் பேசிய பிறகு, அவர் இல்லாத நேரத்தில் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். கடைசியாக முடித்தவர் எத்தனை வருஷத்தில் முடித்தார், நடுவில் போனவர்கள் யார், ஏன் போனார்கள், ராத்திரி தனியாக ஆய்வகத்தில் இருக்க நேருமா என்று கேளுங்கள். பாலியல் தொல்லை என்று எது வந்தாலும் புகார் கொடுக்க ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொல்வது

அவர் சொல்வதை ஒதுக்க வேண்டாம். பள்ளி ஆசிரியர் வேலை மதிப்பான வேலை. ஆனால் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். பி.எட். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அதை இப்போது முந்திக்கொண்டு செய்வதால் லாபம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால், பல்கலைக்கழக மானியக்குழுவின் 2023 திருத்தத்தின்படி எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேறினாலே உதவிப் பேராசிரியர் பணிக்கு அடிப்படைத் தகுதி வந்துவிடும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஆக, மாமா சொல்லும் பாதைக்கும் உங்கள் பேராசிரியர் சொல்லும் பாதைக்கும் முதல் இரண்டு வருஷம் ஒன்றுதான். ஆராய்ச்சி உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை எம்.எஸ்சி. புராஜெக்டில் நீங்களே கண்டுகொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான். பிடிக்காமல் ஐந்து வருஷம் அடைபட்டுக் கிடப்பவர்களைப் பார்த்து எனக்கு மனசு வலித்திருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்களிடம் இருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் ஜாமுக்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ், அந்த நிதியாண்டில் வாங்கியதாக வேண்டும். இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள், தாலுகா அலுவலகத்தில் கையெழுத்தாகி வர நாளாகலாம். நல்ல மதிப்பெண் எடுத்தும் இந்த ஒரு தாளால் பொதுப் பிரிவில் போட்டியிட நேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏஜென்சிக்கு 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கிறதா, உதவித்தொகை உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை அவர்களிடம் ஒப்படைக்கவே கூடாது, ஒப்படைத்திருந்தால் நாளைக்கே அப்பாவோடு நேரில் போய் வாங்கிவிடுங்கள்.